திருப்பூரில் நாலு பேர் நடத்தும் கன்சல்டன்சிக்கு எந்தச் சான்றிதழ்?

கேள்வி இது: திருப்பூரில் நான்கு பேர் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்துகிறோம். பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனிகளுக்கும் டையிங் யூனிட்டுகளுக்கும் நெட்வொர்க், விண்டோஸ் சர்வர், டேலி கணக்கு சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட் 365 ஆபீஸ் மெயில் எல்லாம் பார்த்துக் கொடுக்கிறோம். ஏஎம்சி (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) பணத்தை மட்டும் நம்பியிருக்காமல் கிளவுட், செக்யூரிட்டி என்று ஆலோசனை வேலைக்கு மாற நினைக்கிறோம். ஏடபிள்யூஎஸ் (அமேசானின் கிளவுட்), அஸூர் (மைக்ரோசாஃப்டின் கிளவுட்), சிசிஎன்ஏ (சிஸ்கோவின் நெட்வொர்க் தேர்வு), பிஎம்பி (புராஜெக்ட் நிர்வாகம்), சிசா (சிஸ்டம் ஆடிட்) என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். எதை எடுப்பது, வேலைக்கு நடுவில் எப்படிப் படிப்பது, எடுத்தால் வாடிக்கையாளர் கூடுதலாகப் பணம் தருவாரா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தரமாட்டார். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் கம்பெனி நடத்துகிறவர்களிடம் சான்றிதழை நீட்டினால், "அது இருக்கட்டுங்க, சர்வர் நின்னா எத்தனை மணிக்குள்ள வருவீங்க?" என்றுதான் கேட்பார்கள். அது நியாயமான கேள்வியும்கூட. அவர்கள் ஒருவரை நம்புவது இரண்டு வழியில்: பக்கத்து யூனிட்காரர் சொல்ல வேண்டும், அல்லது அவர்களுடைய ஆடிட்டர் சொல்ல வேண்டும். இங்கே ஆடிட்டர் என்றால் கணக்கு மட்டும் பார்க்கிறவர் இல்லை என்பது உங்களுக்கே தெரியும். நிலம் வாங்குவதிலிருந்து புது சாஃப்ட்வேர் போடுவது வரை அவரைக் கேட்காமல் நடக்காது.

அப்படியானால் சான்றிதழ் எதற்கு? மூன்று இடத்தில் அது வேலை செய்கிறது. வெளிநாட்டு பையர் அனுப்பும் வெண்டர் படிவத்தில் "தகவல் பாதுகாப்பை யார் பார்க்கிறார்கள், அவருடைய தகுதி என்ன" என்று ஒரு கட்டம் இருந்தால், அங்கே எழுத ஏதாவது வேண்டும். மைக்ரோசாஃப்ட், அமேசான் மாதிரி நிறுவனங்கள், தங்கள் சேவையை விற்று நிறுவிக் கொடுப்பவர்களுக்காக நடத்தும் பார்ட்னர் திட்டத்தில் மேல் படிக்குப் போகச் சான்றிதழ் பெற்ற ஆட்கள் கணக்கில் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுவது. பத்து வருடம் கையால் செய்து கற்றவர்களுக்கு, தங்கள் அறிவில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது தெரிவதே இல்லை. பாடத்திட்டம் அதைக் காட்டிவிடும். மற்றபடி சுவரில் மாட்டி வைக்க என்றால் வேண்டாம்.

இதனால் எந்தச் சான்றிதழ் என்பதை உலகச் சந்தையில் எது பிரபலம் என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் சொந்த பில் புத்தகத்தை எடுங்கள். போன வருடம் எந்த வேலைக்கு அதிகம் பணம் வந்தது, எந்த வேலை உங்களுக்குச் செய்யத் தெரியாததால் வேறு ஆளுக்குப் போனது, எதைப் பற்றி முதலாளிகள் போன் செய்து கேட்டார்கள். இந்த மூன்றும் சந்திக்கிற இடத்தில் இருக்கும் சான்றிதழ்தான் உங்களுடையது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது மைக்ரோசாஃப்ட் பக்கம். உங்கள் வாடிக்கையாளர்களிடம் ஏற்கெனவே விண்டோஸ் சர்வர் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் 365 மெயில் இருக்கிறது, டேலி விண்டோஸில்தான் ஓடுகிறது. ஏடபிள்யூஎஸ் நல்ல படிப்புதான், ஆனால் அது சாஃப்ட்வேர் எழுதி விற்கிற கம்பெனிகளுக்கு அதிகம் பொருந்தும். கோவையில் பீளமேடு, சரவணம்பட்டி பக்கம் அப்படிப்பட்ட வாடிக்கையாளர் கிடைத்தால் அப்போது யோசிக்கலாம். திருப்பூர் யூனிட்டுக்கு முதலில் ஏஇசட்-104, அதாவது அஸூர் அட்மினிஸ்ட்ரேட்டர். ஏஇசட்-900 என்ற அடிப்படைத் தேர்வைத் தாண்டிவிடலாம், அது முன்தகுதி கிடையாது. சர்வர் பார்த்துப் பழகியவருக்கு அதில் புதிதாகக் கிடைப்பது கொஞ்சம். மார்க்கெட்டிங் பார்க்கும் பார்ட்னர் ஒருவர் இருந்தால் அவர் அதை எழுதட்டும்; பேச்சுவார்த்தையில் உதவும்.

ஏஇசட்-104 பாடத்திட்டத்தில் ஐந்து பகுதிகள். பயனர் அடையாளமும் நிர்வாகமும் 20 முதல் 25 சதவீதம், விர்ச்சுவல் மெஷின் போன்ற கம்ப்யூட் பகுதியும் அதே அளவு, ஸ்டோரேஜும் நெட்வொர்க்கும் தலா 15 முதல் 20, கண்காணிப்பும் பேக்கப்பும் 10 முதல் 15. ஆயிரத்துக்கு 700 வந்தால் பாஸ். உங்களைப் போன்றவர்கள் நெட்வொர்க் பகுதியைச் சுலபமாகத் தாண்டிவிட்டு, அடையாளம், நிர்வாகம் என்ற பகுதியில் மாட்டிக்கொள்வார்கள். யாருக்கு எந்த அனுமதி, எந்த மட்டத்தில் என்பதெல்லாம் இருபது பேர் ஆபீஸில் யாரும் கேட்டதில்லை. அட்மின் பாஸ்வேர்ட் மூன்று பேருக்குத் தெரியும், அவ்வளவுதான். படிக்கும்போது அந்தப் பகுதிக்குத்தான் நேரத்தைக் கூடுதலாக ஒதுக்க வேண்டும்.

சரி, இது காசாக மாறுவது எப்படி என்பதை ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். கம்பெனிச் சட்ட விதிகளில் 2022 ஆகஸ்டில் ஒரு மாற்றம் வந்தது. கணக்குப் புத்தகத்தை எலக்ட்ரானிக் முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள் அதன் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுத்து வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கணக்கு சாஃப்ட்வேரில் திருத்தங்களின் தடம் அழியாமல் பதிவாக வேண்டும் என்பதும் கட்டாயம். ஆடிட்டர்கள் தங்கள் அறிக்கையில் இதைப் பற்றி எழுதியாக வேண்டும். ஏஇசட்-104 ஸ்டோரேஜ் பாடத்தில் ரீஜியன் (டேட்டா சென்டர்கள் இருக்கும் பகுதி), பிரதி எடுக்கும் முறை என்று வரும். அஸூருக்கு இந்தியாவில் புனே, சென்னை, மும்பை மூன்றிலும் ரீஜியன் உண்டு. புனேயும் சென்னையும் ஒன்றுக்கொன்று ஜோடி. அதனால் புனேயில் வைத்து ஜியோ பிரதி (வேறு ரீஜியனில் நகல்) போட்டால் இரண்டாவது நகல் சென்னைக்குப் போகும், நாட்டை விட்டு வெளியே போகாது. மனப்பாடம் செய்தால் இது பரீட்சைக்கு ஒரு மார்க். புரிந்துகொண்டால் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து பேச ஒரு விஷயம். அந்த ஆடிட்டரிடம் இருக்கும் பிரைவேட் லிமிடெட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பார்ட்னர்ஷிப், புரொப்ரைட்டர் யூனிட்டுகளுக்கு இந்த விதி கிடையாது என்பதையும் நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். அவர் உங்களை நம்ப ஆரம்பிப்பது அந்த இடத்தில்தான்.

இன்னொரு வேலை உங்கள் ஊரில் கண் முன்னால் கிடக்கிறது. எக்ஸ்போர்ட்டரின் மெயிலுக்குள் யாரோ நுழைந்து, அல்லது ஒரே ஒரு எழுத்து மாற்றிய டொமைனில் இருந்து, "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று பையருக்கு எழுதுகிறான். சரக்கு போய்விடும், பணம் வேறு நாட்டுக்குப் போய்விடும். இதைத் தடுக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். எல்லா மெயிலுக்கும் இரண்டடுக்கு லாகின், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் ஒழுங்காக, வெளியே தானாக ஃபார்வர்டு ஆவதை நிறுத்துவது, பேங்க் விவரம் மாறினால் போனில் பேசி உறுதி செய்யும் வழக்கம். ஒரு எழுத்து மாற்றிய டொமைனை டிமார்க் தடுக்காது, அதற்கு அந்தப் போன் பழக்கம்தான் மருந்து. இந்த வேலையை நிர்ணயித்த விலைக்கு, இரண்டு நாள் பரிசோதனையும் ஒரு அறிக்கையுமாக விற்கலாம். ஏஎம்சி பேரத்தில் ஒரு சிஸ்டத்துக்கு வருடத்துக்கு நூறு ரூபாய் ஏற்றுவதற்குப் படும் பாட்டை இதில் படமாட்டீர்கள். இதன் பின்னால் நிற்கிற படிப்பு மைக்ரோசாஃப்டின் எஸ்சி-300, அடையாளமும் அணுகலும் பற்றியது. ஏஇசட்-104 முடித்த பிறகு இரண்டாவதாக நான் சொல்வது அதைத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிசிஎன்ஏ 120 நிமிடத் தேர்வு, 300 டாலர், மூன்று வருடம் செல்லும். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு நல்ல அஸ்திவாரம். சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் இலவசம், அதில் கை பழகினாலே பாதி வேலை முடிந்தது. உங்களுக்கு வேண்டாம். பிஎம்பி எழுத, பட்டதாரிக்கு 36 மாத புராஜெக்ட் தலைமை அனுபவமும் 35 மணி நேர வகுப்பும் வேண்டும், பிறகு அதைத் தக்கவைக்க மூன்று வருடத்துக்கு 60 தொடர்படிப்புப் புள்ளிகள் சேர்க்க வேண்டும். கம்பெனி முழுவதையும் ஒரே சாஃப்ட்வேரில் கொண்டுவரும் பெரிய ஈஆர்பி போடும் வேலையில் இறங்கினால் பார்க்கலாம், இப்போது பணமும் நேரமும் வீண்.

சிசா வேறு ரகம், கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. 150 கேள்விகள், நான்கு மணி நேரம், 200 முதல் 800 வரையான அளவில் 450 எடுத்தால் பாஸ். ஆனால் பாஸ் செய்தாலும் ஐந்து வருட அனுபவத்தைக் காட்டினால்தான் பட்டம் கிடைக்கும். படிப்பைக் காட்டி அந்த ஐந்து வருடத்தில் ஓரளவு குறைத்துக்கொள்ளலாம். தேர்வை முதலில் எழுதிவிட்டு ஐந்து வருடத்துக்குள் அனுபவத்தைக் காட்டலாம். ஆடிட்டர் ஆபீஸ்களோடு சேர்ந்து சிஸ்டம் ஆடிட் செய்வதுதான் உங்கள் நீண்ட கால எண்ணம் என்றால், நால்வரில் பொறுமைசாலி ஒருவர் இப்போதே தொடங்கலாம். மற்ற மூவருக்கு அவசியமில்லை.

தகவல் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 27001 பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். கோவையில் வார்ப்படம், ஆட்டோ உதிரிபாகம் செய்து ஜெர்மனிக்கு அனுப்பும் கம்பெனிகளிடம் டிசாக்ஸ் கேட்கிறார்கள். அது ஜெர்மன் வாகனத் துறையின் தகவல் பாதுகாப்பு மதிப்பீடு, இதே ஐஎஸ்ஓ தரத்தின் மேல் கட்டியது. நம் ஊரில் எல்லோரும் லீட் ஆடிட்டர் வகுப்புக்கு ஓடுகிறார்கள், ஐந்து நாளில் முடிந்துவிடும் என்பதால். ஆலோசகருக்குத் தேவை லீட் இம்ப்ளிமென்ட்டர், அதாவது அந்தத் தரத்தை ஒரு கம்பெனியில் கொண்டுவந்து கொடுப்பவருக்கான படிப்பு. ஒரு கம்பெனிக்கு ஆலோசனை சொல்லி எல்லாம் செய்து கொடுத்தவர் அதே கம்பெனிக்குச் சான்றளிக்கும் ஆடிட்டராகப் போக முடியாது. உங்கள் பிழைப்பு செய்து கொடுப்பதில் இருக்கிறது, சரிபார்த்துச் சான்று தருவதில் இல்லை. 2022 பதிப்பில் கட்டுப்பாடுகள் 114-இலிருந்து 93 ஆகக் குறைந்து, வரிசையும் மாறிவிட்டது. பழைய பதிப்பை வைத்துப் பாடம் நடத்துகிறவர் யாரென்று பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி படிப்பது. உங்கள் தொழிலுக்கு ஒரு காலண்டர் இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் கணக்கு முடிப்பு. தீபாவளிக்கு முந்தைய மாதம் ஷிப்மென்ட் நெருக்கடி, போனஸ், எல்லாம். தீபாவளிக்கு யூனிட் மூடும் வாரம் ஓய்வு மாதிரி தெரியும், ஆனால் சர்வர் மாற்றும் வேலையை எல்லோரும் அந்த வாரத்தில்தான் வைப்பார்கள். ஆகவே ஜூன், ஜூலை, அல்லது டிசம்பர், ஜனவரி. தேதியை முதலில் புக் செய்யுங்கள். தேதி இல்லாத படிப்பு பக்கத்து யூனிட்டில் ஒரு ஸ்விட்ச் எரிந்தால் நின்றுவிடும். காலை ஆறிலிருந்து ஏழரை வரை போன் வராது, அந்த நேரம் போதும். இரண்டரை மாதம் ஒழுங்காக உட்கார்ந்தால் ஏற்கெனவே சர்வர் பார்க்கிறவர் ஏஇசட்-104 எழுதலாம்.

பணம் கட்டி வகுப்புக்குப் போக வேண்டியதில்லை என்பது என் கருத்து. மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்தில் பாடமும் மாதிரித் தேர்வும் இலவசம். அஸூரில் புதிய கணக்கு திறந்தால் முதல் 30 நாளுக்கு 200 டாலர் கிரெடிட் தருகிறார்கள். அந்த 30 நாளைப் படிப்பின் முதல் நாளில் தொடங்கி வீணடிக்காதீர்கள். பாடத்தைப் பாதி படித்த பிறகு திறங்கள். திறந்த உடனே பட்ஜெட் எச்சரிக்கை வையுங்கள். விபிஎன் கேட்வே, பாஸ்டியன் போன்ற, மணிக்கணக்கில் பில் ஏறும் சேவைகளை அழிக்காமல் நாள்கணக்கில் ஓட விட்டால் கிரெடிட் கரைந்துகொண்டே போகும். லேபில் செய்வதற்கு வெளியே கிடைக்கும் உதாரணங்களை விட, உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் ஆபீஸையே காகிதத்தில் வரைந்து கிளவுடில் கட்டிப் பாருங்கள். மெர்ச்சன்டைசிங், கணக்கு, கட்டிங், மேலாளர் என்று குழுக்கள், யாருக்கு எந்த ஃபோல்டர், பேக்கப் எங்கே, அவிநாசி ரோடு ஆபீஸும் பல்லடம் யூனிட்டும் எப்படிப் பேசிக்கொள்ளும். பரீட்சை முடிந்ததும் அது அப்படியே உங்கள் முதல் புரபோசலாக மாறும்.

நால்வரில் ஒருவர் படித்ததை வாரம் ஒருமுறை மற்ற மூவருக்குத் தமிழில் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் படித்தது புரிந்துவிட்டது என்று தோன்றும். தமிழில் சொல்லப் போனால்தான் எங்கே தட்டுகிறது என்று தெரியும். முதலாளியிடமும் தமிழில்தானே பேசப் போகிறீர்கள்.

டம்ப் எனப்படும் திருட்டுக் கேள்வித்தாளைப் பற்றி ஒரு வரி. விற்கிறார்கள், வாங்குகிறார்கள், பாஸும் ஆகிறார்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்து, இனி எழுதவும் தடை. அதை விடுங்கள். ஆலோசகர் வேலையில் முதல் கூட்டத்திலேயே எதிரே இருக்கும் ஐடி மேனேஜர் மூன்று கேள்வி கேட்பார், அவ்வளவில் தெரிந்துவிடும். வேலை தேடும் பையனுக்குப் போவது ஒரு இன்டர்வியூ. உங்களுக்குப் போவது ஊரில் பெயர்.

தேர்வு நாளில் நம் ஊர்க்காரர்கள் வழக்கமாக இடறும் இடங்கள் சில. முதலாவது இனிஷியல். தேர்வுக் கணக்கில் உள்ள பெயரும் நீங்கள் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், ஒன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக என்று நம்மில் பாதிப் பேருக்கு மூன்று விதமாக இருக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே கணக்கைத் தொடங்குங்கள், புக் செய்வதற்கு முன்பே சரிசெய்யுங்கள். இரண்டாவது கரண்ட். வீட்டில் இருந்து எழுதலாம் என்றாலும், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதுக்குப் போன மின்சாரம் மாலைதான் வரும். அந்த அறிவிப்பைப் பார்த்துத் தேதி போடுங்கள். நடுவில் யாரும் அறைக்குள் வரக்கூடாது, மேஜை காலியாக இருக்க வேண்டும், வாய்விட்டுப் படிக்கக்கூடாது. கூட்டுக் குடும்ப வீடு என்றால் கோவைக்குப் போய்த் தேர்வு மையத்தில் எழுதுவது நிம்மதி. மூன்றாவது நேரம். ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்குக் கூடுதலாக 30 நிமிடம் உண்டு. மைக்ரோசாஃப்டிலும் கேட்கலாம், ஏடபிள்யூஎஸ்ஸிலும் கேட்கலாம். ஆனால் புக் செய்யும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்விகள் நீளமாக இருக்கும். கடைசி வரியை முதலில் படியுங்கள். "செலவு குறைவாக" என்று கேட்கிறார்களா, "நிர்வாக வேலை குறைவாக" என்று கேட்கிறார்களா என்பதில்தான் விடை மாறும். இரண்டு விடை சரியாகத் தெரிந்தால் அந்த ஒரு சொல்தான் பிரிக்கும். மைக்ரோசாஃப்ட் 2023-இலிருந்து இந்த வகைத் தேர்வுகளில் லேர்ன் தளத்தை நடுவில் திறந்து பார்க்க விடுகிறது, ஆனால் நேரம் நிற்காது. ஓரிரண்டு சந்தேகத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

செலவு பற்றி: மைக்ரோசாஃப்ட் நாட்டுக்கு நாடு விலை வைத்திருக்கிறது, இந்திய விலை அமெரிக்க விலையில் பாதிக்கும் கீழே. ஏஇசட்-104 ஒரு வருடம்தான் செல்லும், ஆனால் முடிவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே இணையத்தில் இலவசமாகப் புதுப்பிக்கலாம். தேதியைத் தவறவிட்டால் திரும்ப முழுத் தேர்வு, முழுக் கட்டணம். ஏடபிள்யூஎஸ்ஸில் அசோசியேட் தேர்வு 150 டாலர், மூன்று வருடம் செல்லும், பாஸ் செய்தால் அடுத்ததற்குப் பாதி விலைக் கூப்பன் வரும். ஏடபிள்யூஎஸ் பார்ட்னர் திட்டத்தில் மேல் படிக்கு வருடம் 2,500 டாலர் கட்டணம், சான்றிதழ் பெற்ற ஆட்கள், நடந்த புராஜெக்ட் எல்லாம் கேட்பார்கள். மைக்ரோசாஃப்டில் நூற்றுக்கு 70 புள்ளி எடுக்க வேண்டும், அதில் ஆட்களின் சான்றிதழ் ஒரு பங்குதான், வாடிக்கையாளர் வளர்ச்சி மிச்சம். நால்வர் நிறுவனம் முதல் வருடத்தில் இதைத் துரத்த வேண்டியதில்லை. லைசென்ஸ் விற்பதற்கு ஒரு டிஸ்ட்ரிபியூட்டர் வழியாக ரீசெல்லராக இருந்தால் போதும்.

கடைசியாக, யார் பெயரில் எடுப்பது. சான்றிதழ் ஆளோடு சேர்ந்தது, நிறுவனத்தோடு சேர்ந்தது அல்ல. பையனுக்குப் பணம் கட்டி எழுத வைத்தால், பாஸ் ஆன மூன்றாம் மாதம் பெங்களூருக்கு பஸ் ஏறுவான். பாண்டு எழுதி வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனம் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவனால் வாடிக்கையாளருக்குத்தான் நஷ்டம். அதனால் முதல் இரண்டு சான்றிதழும் பார்ட்னர்கள் பெயரில் இருக்கட்டும். பையன்கள் விரும்பினால் தேர்வுக் கட்டணத்தை அவர்களே கட்டட்டும், பாஸ் ஆனால் ஆறாவது மாதத்தில் பாதி, பன்னிரண்டாவது மாதத்தில் மீதி என்று திருப்பிக் கொடுங்கள், சம்பளத்தையும் அப்போதே ஏற்றுங்கள். கையில் சான்றிதழோடு பழைய சம்பளத்துக்கு எவனும் இருக்கமாட்டான்.

பாஸ் ஆனதும் விசிட்டிங் கார்டை அச்சடிக்க ஓடாதீர்கள். இருக்கும் வாடிக்கையாளரில் பிரைவேட் லிமிடெட்டாக இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, பேக்கப்பும் மெயிலும் எந்த நிலையில் இருக்கின்றன என்று தமிழில் நான்கு பக்க அறிக்கை எழுதிக் கொடுங்கள். முதல் அறிக்கைக்குப் பணம் வாங்க வேண்டாம். ஒரு நகலை அவருடைய சம்மதத்தோடு அவருடைய ஆடிட்டருக்குக் கொடுங்கள். இரண்டாவது அறிக்கையிலிருந்து விலை வையுங்கள், ஜிஎஸ்டி தனி என்று முதலிலேயே எழுதிவிடுங்கள்.